காலையில் ஒரு சின்ன மாத்திரை

என் மனைவிக்குத் தைராய்டு குறைவுக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நான்தான் நிறுத்தினேன். டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார் என்று அவளிடம் பொய் சொன்னேன். அவள் நம்பினாள். நம்பாமல் இருக்க அவளுக்குக் காரணம் எதுவும் இல்லை. ஓய்வு பெறும்வரை மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவன் நான். மாத்திரை அட்டையின் பின்புறத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்து அது என்ன உப்பு, எதற்கு என்று சொல்லத் தெரிந்தவன். எங்கள் வீட்டில் மருந்து என் இலாகா.

இதைப் பலமுறை வேறு மாதிரி தொடங்கிப் பார்த்தேன். அவளுடைய சர்க்கரை நோயிலிருந்து ஒரு தடவை, எங்கள் கல்யாணத்திலிருந்து ஒரு தடவை. எப்படித் தொடங்கினாலும் முதல் பக்கத்தில் நான் அக்கறையுள்ள கணவனாக வந்து நின்றேன். கிழித்துப் போட்டுவிட்டு இப்படித் தொடங்கியிருக்கிறேன்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறி உண்டு. என் வீட்டில் இல்லை. நான் படித்து வெளி வேலைக்குப் போனவன். அவள் தறிக்காரர் வீட்டுப் பெண், கல்யாணத்துக்குப் பிறகும் தன் வேலையை விடவில்லை. ஒரு தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை தீரும்போது புதுப் பாவின் இழைகளைப் பழையதின் நுனிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கிப் பிணைக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு தறிக்கு முன்னால் உட்கார்ந்தால் ஆயிரக்கணக்கான பட்டு இழைகளைப் பிணைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். தெருவில் யார் வீட்டில் பாவு மாறினாலும் அவளைக் கூப்பிடுவார்கள்.

சர்க்கரை அவளுக்கு நாற்பதுகளிலேயே வந்துவிட்டது. காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று, அரிசியைக் குறைத்துக் கேழ்வரகு என்று பல வருடம் ஓடியது. நான் ஓய்வு பெற்ற பிறகுதான் அது என் கைக்கு வந்தது. விரலில் குத்திப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினேன். தினமும் காலையில் வெறும் வயிற்றில் குத்துவேன். வந்த எண்ணைச் சமையலறையில் மாட்டியிருந்த மாதக் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் சிவப்பு மையால் எழுதுவேன். பரீட்சைத் தாள் திருத்திய கை அது. சிவப்பு மைதான் வந்தது.

சில வருடங்களுக்கு முன் அவள் மெதுவாக மாறத் தொடங்கினாள். எப்போதும் களைப்பு, மலச்சிக்கல், சீவினால் சீப்போடு வரும் முடி. சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஒரு பொங்கலுக்கு வந்தபோது அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, இரத்தப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். தைராய்டு சுரப்பு மிகவும் குறைவாக இருந்தது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக்கொடுத்தார். எழுந்ததும் வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும், அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்குக் காபி கூடாது, ஆயுளுக்கும் நிறுத்தக் கூடாது. காபிக்குக் காத்திருப்பதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு மாதத்தில் தெளிந்துவிட்டாள். ஒருநாள் சீப்பை என் முன்னால் நீட்டி, முடி வரவில்லை பாருங்கள் என்று காட்டினாள். முன்பு போல வாசலில் நின்று தெருவோடு பேசத் தொடங்கினாள். ஆனால் காலை எண் ஏறியது. நூற்றுப் பத்தில் நின்றிருந்தது நூற்று ஐம்பது, நூற்று எழுபது என்று போயிற்று. டாக்டரிடம் சண்டைக்குப் போவது போலப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: இவ்வளவு நாள் உடம்பு தூங்கிக்கொண்டிருந்தது, இப்போது விழித்து வேலை செய்கிறது, அதனால் சர்க்கரை கொஞ்சம் கூடத்தான் செய்யும். சர்க்கரை மாத்திரையின் அளவை ஏற்றி எழுதினார். இரண்டையும் விடாமல் கொடுங்கள், விரத நாளில் மட்டும் சர்க்கரை மாத்திரை வேண்டாம் என்றார். அந்த விளக்கம் எனக்குப் புரிந்தது. பிடிக்கவில்லை.

பிடிக்காததற்குக் காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காலையில் கோயில் மாட வீதியைச் சுற்றி நடக்கும் ஓய்வு பெற்றவர்கள் கூட்டம் ஒன்றில் நானும் உண்டு. நடை முடிந்து சர்க்கரை போடாத டீயைக் கையில் வாங்கியதும் அவரவர் வீட்டு எண்ணைச் சொல்வோம். என் மனைவியின் எண்தான் அந்தக் கூட்டத்திலேயே நல்ல எண்ணாக இருந்து வந்தது. அது நூற்று எழுபதைத் தொட்ட அன்று, வங்கியில் மேலாளராக இருந்தவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:

"இன்னா வாத்தியாரே, ஊர்ப் புள்ளைங்கள எல்லாம் பாஸ் பண்ண வெச்சீங்க. உங்க வீட்லயே அரியர்ஸா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது காதில் இருந்தது. எது எண்ணைக் கெடுத்தது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. புதிதாகச் சேர்த்த பொருள் ஒன்றுதான். சோதனைக் குழாயில் வண்ணம் மாறினால் கடைசியாக ஊற்றியதைத்தானே சந்தேகிக்க வேண்டும். அன்று மாலையே அந்தப் புட்டியை எடுத்து என் பீரோவில் பழைய சான்றிதழ்களுக்குப் பின்னால் வைத்தேன்.

மறுநாள் காலையில் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள்.

"அந்தச் சின்ன மாத்திர எங்கங்க?"

"நிறுத்தியாச்சு."

"டாக்டரு சொன்னாரா?"

"சொன்னார்."

"நல்லதாப் போச்சு. ஒண்ணு கொறஞ்சுது," என்றாள். நேராகப் போய் அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டுக் குடித்தாள். காத்திருக்க வேண்டியதில்லை என்ற சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்ததை நான் பார்த்தேன். போனில் மகளிடமும் அதையே சொன்னாள். மகள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள். டாக்டர் சொன்னார் என்று அவளிடமும் சொன்னேன்.

சின்ன மாத்திரையை நிறுத்தினேனே தவிர, அதற்காக ஏற்றிய சர்க்கரை மாத்திரையைக் குறைக்கவில்லை. எண் இறங்கியது. நூற்று முப்பது, நூறு, தொண்ணூறு. காலண்டர் கட்டங்களைப் பார்க்கவே அழகாக இருந்தது. டீக்கடையில் வங்கிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று எல்லோருக்கும் நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

எண் இறங்க இறங்க அவளும் இறங்கினாள். அதை இப்போது எழுத முடிகிறது, அப்போது பார்க்க முடியவில்லை. குரல் தடித்தது, வாயில் வெற்றிலையை அதக்கிக்கொண்டு பேசுவது போல. கண்ணுக்குக் கீழே வீக்கம். பங்குனி வெயிலில் போர்வை கேட்டாள். கிணற்றடியிலிருந்து கூடத்துக்கு வர அவ்வளவு நேரம் ஆகும். அவள் வந்து சேரும்போது, "தேர் நெலைக்கு வந்துடுச்சா?" என்பேன். வாசலில் பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அந்தக் கேலி தெருவில் நிலைத்துவிட்டது. பிள்ளைகள்கூட அவளைப் பார்த்துத் தேர் வருது என்றார்கள். அவள் விரல்களும் மரத்துப்போயின. பிணைத்த இடங்கள் தறியில் விட்டுப்போவதாக ஒருவர் சொன்னார், பிறகு இன்னொருவர். கூப்பிடுவது குறைந்தது. எதிர்வீட்டு அம்மாள் மட்டும் பழக்கத்துக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு குறைந்திருந்தும் எடை கூடியது. எனக்குத் தெரிந்து அதற்கு ஒரே விளக்கம்தான். திருட்டுத் தீனி. சர்க்கரை டப்பாவில் அளவுக் கோடு போட்டு வைத்தேன். கோயிலுக்குப் போய் வந்தால் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்திருக்கிறேன். ஒருநாள் அவள் முந்தானை முடிச்சில் ஏதோ இருப்பதைப் பார்த்து அவிழ்க்கச் சொன்னேன். நாலைந்து கல்கண்டு.

"கோயில்ல குடுத்தாங்க. அப்பப்ப படபடன்னு வருதுங்க, கையெல்லாம் நடுங்குது. ஒண்ணு வாயில போட்டா நின்னுடுது."

"அப்ப உனக்குச் சர்க்கரை நோய் எப்படிக் கொறையும்?" என்று கேட்டேன். கல்கண்டை வாங்கிச் சாக்கடையில் போட்டேன். இனிமேல் இது வேண்டாம் என்றேன். அவள் சரி என்றாள். அவள் உடம்பு என்னிடம் நேரடியாகச் சொன்னது அந்த ஒரே தடவைதான். வேதியியல் படிக்காமலே அவள் கண்டுபிடித்து வைத்திருந்ததை நான் பிடுங்கி எறிந்தேன். அதற்குப் பிறகு படபடப்பு என்று அவள் என்னிடம் சொல்லவில்லை.

மாதாமாதம் கிருத்திகைக்கு அவள் விரதம். மாலையில் முருகன் கோயிலுக்குப் போய் வந்துதான் சாப்பாடு. சின்ன வயதிலிருந்து உள்ள வழக்கம். எனக்கு அதில் இஷ்டமில்லை, ஆனால் தடுத்ததும் இல்லை. அந்தக் கிருத்திகைக் காலையில் எண் எண்பத்தெட்டு. வழக்கமாக விரத நாளில் சர்க்கரை மாத்திரை கிடையாது. ஆனால் மறுநாள் ஆய்வுக்கூடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் பரிசோதனை இருந்தது. அதன் முடிவை டீக்கடையில் சொல்ல வேண்டும். மாத்திரையை நீட்டினேன்.

"இன்னிக்கி கிருத்திகையாச்சேங்க. வேணுமா?"

"விரதம் உன் இஷ்டம். மாத்திரை என் இஷ்டம்," என்றேன்.

விழுங்கினாள். வீட்டு வேலையை முடித்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கே பாவு மாறியிருந்தது.

பகல் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு எதிர்வீட்டு மருமகள் ஓடி வந்தாள். சார், அக்காவுக்குச் சாமி வந்திருக்குது என்றாள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

தறிக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. இரவிக்கை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. தூளியை ஆட்டுவது போல உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. விரலில் இருந்த சாம்பல் முகத்தில் அப்பியிருக்க, அதற்கு மேல் யாரோ விபூதி பூசியிருந்தார்கள். நாலைந்து பெண்கள் சுற்றி நின்றார்கள். எதிர்வீட்டு அம்மாள் தட்டில் கற்பூரத்தை ஏற்றிக் காட்டி, "யாரு வந்திருக்குறது? சொல்லு சாமி. இன்னா கொற வெச்சோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என் மனைவி எங்கோ பார்த்தபடி, "இழ உட்டுப்போச்சு... இழ உட்டுப்போச்சு," என்று முனகினாள். வேண்டுதல் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி தன் மகனுக்குப் பெண் அமையுமா என்று கேட்டாள். இது எவ்வளவு நேரமாக நடக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரமாகத்தான் என்றார்கள். கற்பூரக் கரி தட்டில் நிறையக் கிடந்தது.

எனக்கு வந்தது வெட்கம். வேதியியல் வாத்தியார் வீட்டில் சாமி வருகிறது என்று நாளைக்கு ஊர் பேசும். அவள் என்னைத் திருப்பித் தாக்க இந்த வழியைப் பிடித்திருக்கிறாள் என்றுகூட நினைத்தேன். "போதும், எழுந்திரு," என்று அதட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். யார் என்று தெரியாத பார்வை. இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் பாயில் படுக்க வைத்தார்கள்.

எதிர்வீட்டு அம்மாள் சற்று நேரத்தில் ஒரு செம்போடு வந்தாள். பானகம். வெல்லம் கரைத்து, ஏலக்காய் தட்டிப்போட்டது. மாலையில் படைப்பதற்காகக் கரைத்து வைத்திருந்தாள்.

"சாமி எறங்குனா பானகம் குடுக்கணும் சார். ஒரு வாயாச்சும்."

"சர்க்கரைக்காரிக்கு வெல்லத்தைக் கரைச்சுக் கொடுக்கறீங்களே, கொல்லவா?" என்றேன்.

அவள் செம்பைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏன் விரலில் குத்திப் பார்க்கவில்லை என்று பின்னால் எல்லோரும் கேட்டார்கள். என்னிடம் இருக்கும் பதில் இதுதான். சர்க்கரை கூடிவிடும் என்று மட்டுமே நான் பயந்துகொண்டிருந்தேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதவளுக்கு அது கூடுவதற்கு வழியில்லை. குறைவது என் கணக்கில் வெற்றி. அதனால் கருவியைத் தொடவில்லை. தூங்கட்டும் என்று மின்விசிறியைப் போட்டுவிட்டு, பாதியில் விட்ட பேப்பரைப் படித்தேன். சாப்பிட்டேன். அவள் குறட்டை விடுவது கேட்டது. அந்தக் குறட்டை வழக்கமானது அல்ல என்று தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேன்.

கோயிலுக்குப் புறப்படும் நேரம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. தோளைத் தட்டினேன். கன்னத்தில் தட்டினேன். கண் பாதி திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை. வாயோரம் எச்சில். அப்போதுதான் கருவியை எடுத்து விரலில் குத்தினேன். எண் வரவில்லை. எண் காட்டுகிற அளவில்கூட இல்லை என்றால் அந்தக் கருவி 'லோ' என்று இரண்டு ஆங்கில எழுத்தைக் காட்டும். அதுவரை நான் பார்த்திராத எழுத்து. ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு போகும்போது, கடைவாயில் சர்க்கரையைத் தேய்த்துக்கொண்டே போனேன். எறும்புக்குப் போடுவது போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். எண் ஏறியது. அவள் விழிக்கவில்லை. பணியில் இருந்த டாக்டர் ஒரு இளம்பெண். அவள் என் மனைவியின் கையைத் தொட்டுப் பார்த்தாள், கண்ணிமையைத் தூக்கினாள், முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்த்தாள். தைராய்டு உண்டா என்று கேட்டாள். முன்னால் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்றேன். இது இரண்டாவது பொய். முதல் பொய்யை என் மனைவியின் எண்ணுக்காகச் சொன்னேன் என்றாவது சாக்குச் சொல்லலாம். இதை என்னைக் காப்பாற்றிக்கொள்ள மட்டுமே சொன்னேன், அவள் நினைவின்றிக் கிடக்கும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

மறுநாள் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அதற்குள் மகள் வந்துவிட்டாள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, இது பல மாதமாக மாத்திரை சாப்பிடாத உடம்பு என்றாள். தைராய்டு இப்படிக் குறைந்து கிடந்தால் சர்க்கரை மாத்திரை உடம்பை விட்டுச் சீக்கிரம் இறங்காது, தேங்கிக்கொண்டே போகும், பட்டினியும் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும் என்றாள். யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டாள். மகள் முந்திக்கொண்டு எங்கள் டாக்டரின் பெயரைச் சொல்லிப் பொரிந்தாள், அவர்மேல் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னாள். அப்போதுதான் என் வாய் திறந்தது. நான்தான் நிறுத்தினேன் என்றேன். மகள் என்னைத் திட்டவில்லை. டாக்டரிடம் திரும்பி, இனிமேல் எது கேட்பதாக இருந்தாலும் என்னிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

என் மனைவி விழிக்கப் பல நாள் ஆயிற்று. மூளை வெகுநேரம் சர்க்கரை இல்லாமல் இருந்துவிட்டது. பழையது இருக்கிறது. பிறந்த வீடு, தங்கைகள், கல்யாணப் புடவையின் கரை, மகளின் முதல் பல் எல்லாம் சொல்வாள். புதியது எதுவும் நிற்பதில்லை. காலையில் சொன்னது மத்தியானத்தில் இருக்காது. பாவின் முன்னால் உட்கார வைத்தால் விரல் இழையைப் பிடிக்கிறது, எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் பிடித்தபடியே இருக்கிறாள். ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி உட்கார வைக்கவில்லை.

வீடு திரும்பியதும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த பரிகாரம் அது ஒன்றுதான். அவள் நன்றாகத் தெளிந்திருந்த ஒரு காலையில் எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். மாத்திரை, பொய், கல்கண்டு, பானகம். அவள் கவனமாகக் கேட்டாள். புருவம் சுருங்கியது. முடித்ததும் கேட்டாள்:

"நான் எதுனா தின்னுட்டேனாங்க?"

இல்லை, நீ எதுவும் செய்யவில்லை, செய்தது நான் என்றேன். மறுபடியும் விளக்கினேன். இப்போது புரிந்தது. சத்தமில்லாமல் அழுதாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு வேண்டியதாக இருந்தது என்றுகூடச் சொல்வேன். மறுநாள் காலையில் எழுந்து, காபி ஆயிற்றா என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். எல்லாம் போயிருந்தது.

நான் மறுபடியும் சொன்னேன். சில நாள் கழித்து மறுபடியும். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே அழுகை, அதே சுவர். மகள் லீவு போட்டு வந்திருந்த ஒருநாள் இதைப் பார்த்துவிட்டாள். என்னைப் பின்கட்டுக்கு வரச் சொன்னாள்.

"உன் பாரத்த எறக்கணும்னா வேற எங்கனா போய் எறக்குப்பா. உனக்குத்தான் இது பழசு. அவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசா இருக்குது."

அதோடு நிறுத்திக்கொண்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இனி வழியில்லை.

தெருவில் கதை வேறு மாதிரி இருந்தது. கிருத்திகையன்று முருகன் வந்து இறங்கியதில் அக்காவுக்கு உடம்பு தாங்கவில்லை, நினைப்பைச் சாமி எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள். தேர் என்று கேலி செய்தவர்களே இப்போது அவள் கையால் விபூதி வாங்கிக்கொள்ள வந்தார்கள். அவளும் வைத்துவிட்டாள். எனக்கு அந்தக் கதை எவ்வளவு வசதியாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அதில் நான் எங்கேயும் இல்லை. பல மாதம் அதை அப்படியே விட்டிருந்தேன். பிறகு ஒருநாள் எதிர்வீட்டுக்குப் போய் அந்த அம்மாளிடம் உண்மையைச் சொன்னேன். சாமி இல்லை, சர்க்கரை தரைமட்டத்துக்குப் போனால் வேர்வையும் நடுக்கமும் உளறலும் அப்படித்தான் வரும், அதைக் கொண்டுவந்தது நான் கொடுத்த மாத்திரை என்றேன்.

 தறிச் சத்தம் நின்று போயிருந்தது.

"பானகம் எடுத்துக்கினு வந்தனே சார். ஒரு வாய் குடுத்திருந்தா?"

"இப்படி ஆகியிருக்க மாட்டாள்," என்றேன்.

"அதுக்கு முன்னால நான் கற்பூரம் காட்டிக்கினு நின்னேன். எம்மா நேரம் நின்னேன்," என்றாள். என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். என் பாரத்தில் பாதியை ஒரு குற்றமும் அறியாதவள் தலையில் வைத்துவிட்டு நான் தெருவைக் கடந்து வந்தேன். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கோலம் போடும்போதுகூட முதுகைத்தான் பார்த்தேன். என் மனைவி அவளைக் கேட்பாள், ஊருக்குப் போயிருக்கிறாள் என்பேன். பொய் சொல்ல இப்போதும் எனக்குத் தடுமாற்றம் இல்லை.

சில கிருத்திகைகள் போன பிறகு எதிர்வீட்டு அம்மாள் தானாக வந்தாள். என்னைப் பார்க்காமல் நேராக என் மனைவியிடம் போய் உட்கார்ந்து தலை சீவிவிட்டாள். வந்தவளின் முந்தானை முடிச்சு கனமாக இருந்தது. உள்ளே இருப்பது சர்க்கரை, எதற்கு என்று எனக்குத் தெரியும். கோயில் கூட்டத்தில் ஒரு பெண் மயங்கி ஆடியபோது அவள் வாயில் இவள் சர்க்கரையைப் போட்டுவிட்டாளாம். அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே சாமிதான் வந்திருந்ததாம், விரதத்தைக் கெடுத்துவிட்டாய் என்று எல்லோர் முன்னாலும் கிழித்துவிட்டாளாம். என் மனைவியிடம் அவள் இதைச் சொல்லிச் சிரித்ததை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன். அதன் பிறகும் அந்த முடிச்சை அவள் அவிழ்க்கவில்லை. என்னிடம் இன்றுவரை பேசுவதில்லை.

நடைக் கூட்டத்துக்கு நான் போவதில்லை. காலண்டரில் எதுவும் எழுதுவதில்லை. விரலில் குத்திப் பார்த்து எண்ணை மகளுக்குப் போனில் அனுப்புகிறேன். எதைக் கொடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அவள் டாக்டரைக் கேட்டுத் திருப்பி அனுப்புகிறாள். அதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. எண் அவ்வளவு நன்றாக இல்லை. நூற்று நாற்பது, நூற்று அறுபது. என் மனைவிக்கு இந்த அளவு இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குரல் இளகிவிட்டது. முகத்தில் வீக்கம் இல்லை. முடிகூட வளர்ந்திருக்கிறது.

அவளுக்குக் கடைசியாகத் தங்கிப்போன நினைவுகளில் ஒன்று தைராய்டு மாத்திரை நிறுத்தப்பட்ட காலை. அது எப்படித் தங்கியது என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னவை எல்லாம் போய்விட்டன, அது மட்டும் இருக்கிறது. தினமும் எழுந்ததும் சின்ன வெள்ளை மாத்திரையையும் தண்ணீர்ச் செம்பையும் நீட்டுகிறேன். அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறாள்.

"இத நிறுத்திட்டாங்களேங்க."

"மறுபடி கொடுக்கச் சொல்லியிருக்காங்க."

"டாக்டரு சொன்னாரா?"

"சொன்னார்."

என் முகத்தைப் பார்க்கிறாள். கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு விழுங்கிவிட்டு, வெற்று டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கடிகாரத்துக்கு எதிரே உட்காருகிறாள். ஒரு மணி நேரத்தில், காபிக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று பத்து தடவை கேட்பாள். பத்து தடவையும் பதில் சொல்கிறேன்.